மலைமேல் பழைய பாணி ஹோட்டல்: படத்தில் தெரியாததை எப்படித் தெரிந்துகொள்வது?

மேகப்பாதை எழுதியது:

அப்பா அம்மாவின் ஐம்பதாவது திருமண நாளுக்கு அவர்களை மலைப்பக்கம் அழைத்துப் போகிறேன். அப்பாவுக்குப் பழைய பொருள்கள் என்றால் உயிர். வால்வு ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம்கூட நினைவிருக்காது. அதனால் பழைய பாணியில் இருக்கும் கிராமத்து ஹோட்டலாகத் தேடினேன். இரண்டு இடங்கள் பிடித்திருக்கின்றன. இரண்டுமே ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன.

முதலாவது, நிஜமாகவே நூறு வருடத்தைத் தாண்டிய கட்டடம். மரத்தரை, கணப்பு, சிங்கக்கால் வைத்த குளியல் தொட்டி எல்லாம் உண்டு. இரண்டாவது, சில வருடங்களுக்கு முன்பு கட்டியது. ஆனால் உள்ளே எல்லாம் ரெட்ரோ: சுழற்றும் டயல் வைத்த தொலைபேசி, பித்தளைக் குமிழ்கள், பூப்போட்ட சுவர்த்தாள்.

நாங்கள் போவது குளிர்காலத் தொடக்கத்தில். அம்மாவுக்கு முழங்கால் வலி. இரவில் எழுந்து குளியலறைக்குப் போகவேண்டி வரும். விமர்சனங்களைப் படித்தால் எல்லாரும் 'காலத்தில் பின்னோக்கிப் போன மாதிரி இருந்தது' என்றுதான் எழுதுகிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அந்த அறை எப்படி இருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நிலைக்கண்ணாடி எழுதியது:

யோசிக்கவே வேண்டாம், முதல் இடம்தான். புதிதாகக் கட்டிவிட்டுப் பழையது என்று சொல்லும் இடங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. மேசையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வயதாக்குகிறார்கள். கிராமபோன் இருக்கும், ஊசி இருக்காது. தொலைபேசியை எடுத்துப் பார்த்தால் பின்னால் கம்பியே இருக்காது. உங்கள் அப்பா மாதிரி கையால் தொட்டுப் பார்க்கும் ஆளுக்கு அது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துபோகும். அப்புறம் அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

பழைய சாவி எழுதியது:

மலை ஹோட்டல்களில் ஹவுஸ்கீப்பிங் வேலையில் நிறைய வருடங்கள் இருந்தவள் நான். மூன்று மணிக்கு அறை எப்படி இருக்கும் என்று கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உயரம் ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். 1,900 மீட்டர் என்றால் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய பன்னிரண்டு டிகிரி குறைவு. இது சராசரிக் கணக்கு. மேகமில்லாத இரவில் தரை வேகமாகக் குளிர்ந்துவிடும், அப்போது இன்னும் கீழே போகும்.

இப்போது கணப்பு. படத்தில் பார்க்க அதைவிட அழகு வேறில்லை, ஆனால் அறையைச் சூடாக்குவதில் திறந்த கணப்பு ரொம்ப மோசம். சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகப் போய்விடும். நெருப்பு எரிய எரிய அறைக்காற்றை இழுத்து மேலே தள்ளும். அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்கு, கதவடி வழியாக வெளிக்குளிர் உள்ளே வரும். நெருப்புக்கு நேர் எதிரே உட்கார்ந்தால் முகம் சுடும், முதுகு சில்லிடும். இரவு பத்து மணிக்குப் போட்ட விறகு இரண்டு மணிக்குள் கங்காகிவிடும். அதன்பிறகு யாரும் வந்து விறகு போடமாட்டார்கள். ஆகவே கணப்பைத் தவிர சூட்டுக்கு வேறென்ன இருக்கிறது, அது விடியும்வரை ஓடுமா, மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் அதுவும் சேர்ந்து ஓடுமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். 'ஹீட்டர் இருக்கிறது' என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது மெத்தை. பல நாள் ஆள் தங்காத அறையில் பஞ்சு மெத்தை ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். மேலே புது விரிப்பு போட்டிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. விரிப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணும்வரை அழுத்துங்கள். காய்ந்த மெத்தையில் உங்கள் கைச்சூடு அங்கேயே தங்கும். ஈரம் இருந்தால் கை சில்லென்றே இருக்கும், எடுத்து முகர்ந்தால் பூஞ்சை வாடையும் வரும். அப்படியிருந்தால் பெட்டியைத் திறக்காமல் ரிசப்ஷனுக்குப் போய் வேறு அறை கேளுங்கள். நல்ல ஹோட்டலில் விருந்தினர் வரும் நாள் நண்பகலிலேயே அறையைச் சூடாக்கி, மெத்தையைத் திறந்து போட்டுவிடுவோம். இரவு படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கால்மாட்டில் வெந்நீர்ப் பை வைப்போம். இதையெல்லாம் கேட்டால்தான் சில இடங்களில் செய்வார்கள். கேட்பதில் கூச்சப்படவே வேண்டாம்.

கங்கு எழுதியது:

ஒன்றே ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்கிறது என்றால் சில இடங்களில் கரி அடுப்பையோ கங்குச் சட்டியையோ அறைக்குள் கொண்டுவந்து வைப்பார்கள். எவ்வளவு அன்போடு கொடுத்தாலும் வாங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவருக்குத் தெரியாமலேயே உயிரை எடுத்துவிடும். கணப்பில் கங்கு இருக்கும்போது சூடு வெளியே போகிறதே என்று புகைபோக்கியின் அடைப்பை மூடுவதும் அதே ஆபத்துதான். பேட்டரியில் ஓடும் சிறிய அலாரம் கிடைக்கிறது, பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

மேகப்பாதை எழுதியது:

பழைய சாவி அக்கா, கங்கு, இருவருக்கும் நன்றி. மெத்தை விஷயம் எனக்குத் தோன்றியிருக்கவே இருக்காது.

அந்தக் குளியல் தொட்டி பற்றி யாராவது சொல்லமுடியுமா? படத்தைப் பார்த்ததிலிருந்து அப்பா அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்.

ஓட்டுக்கூரை எழுதியது:

பழைய கட்டடங்களைச் சீரமைப்பது என் தொழில். தொட்டிக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். அறைக்கு அறை தனி கீசர் என்றால் பெரும்பாலும் 25 லிட்டர் இருக்கும். அதில் தண்ணீர் 60 டிகிரி, குழாயில் வரும் மலைத்தண்ணீர் 10 டிகிரி என்று வையுங்கள். 40 டிகிரியில் குளிக்கக் கலந்தால் மொத்தம் 40 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். வாளியில் ஊற்றிக் குளிக்க அது போதும். சிங்கக்கால் தொட்டியைப் படுத்துக் குளிக்கும் அளவுக்கு நிரப்ப 150 லிட்டராவது வேண்டும். தொட்டி வார்ப்பிரும்பாக இருந்தால் ஊற்றுகிற சூட்டில் ஒரு பங்கை இரும்பே முதலில் வாங்கிக்கொள்ளும். எனவே ஹோட்டல் முழுமைக்கும் பெரிய பாய்லர் இருக்கிறதா, இல்லை அறைக்கு ஒரு கீசரா, எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். அறைக்கு ஒரு சின்ன கீசர்தான் என்றால் அந்தத் தொட்டி படத்துக்கு மட்டும்தான்.

நிலைக்கண்ணாடி சொன்னதில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. பழைய மலை ஹோட்டலைப் பற்றிப் பேசும்போது ஒரு கேள்வியை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்: அது எந்தப் பருவத்துக்காகக் கட்டப்பட்டது? 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த மலை ஹோட்டல்களில் பெரும்பாலானவை கோடைக்காகக் கட்டப்பட்டவை. தாமஸ் குக் 1863-இல் சுவிட்சர்லாந்துக்கு முதல் குழுவை அழைத்துப் போனதும் கோடையில்தான். சென் மோரிட்ஸில் ஹோட்டல் நடத்திய யோஹானஸ் பாட்ருட் 1864-இல் தன்னுடைய கோடை விருந்தினர்களிடம் 'குளிர்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் செலவு என்னுடையது' என்று பந்தயம் கட்டியதாக ஒரு கதை உண்டு. பந்தயம் கட்டித்தான் கூப்பிட வேண்டியிருந்தது என்றால் அந்தக் காலத்தில் குளிரில் மலைக்குப் போவது எவ்வளவு புதுமை என்று பாருங்கள். கோடைக்குக் கட்டிய வீட்டில் உயரமான கூரை, அகலமான வராந்தா, பெரிய ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள் எல்லாம் இருக்கும். கோடையில் அவை சொர்க்கம். பனிக்காலத்தில் அதே உயரமான கூரைக்கடியில்தான் சூடெல்லாம் போய்த் தங்கும், படுத்திருக்கிறவருக்கு வராது.

அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இன் இருக்கிறது. ராபர்ட் ரீமர் வடிவமைப்பில் 1904-இல் திறந்தது, முழுக்க மரத்தடிகளால் எழுப்பிய பிரமாண்டம். இன்றைக்கும் குளிர்காலத்தில் அதைப் பூட்டிவிடுகிறார்கள். அதில் எனக்குக் குறை தெரியவில்லை. அந்தக் கட்டடத்தின் இயல்பு தெரிந்து நடத்துகிறார்கள்.

இன்னொன்று, தீ. பழைய மர ஹோட்டல்கள் பல தீயில் போயிருக்கின்றன. கனடாவில் 1888-இல் திறந்த பான்ஃப் ஸ்பிரிங்ஸ் ஹோட்டலின் பழைய மரப்பகுதி 1926-இல் எரிந்தது. பழைய இடத்தைத் தேர்ந்தெடுத்தால் படுக்கையறையிலிருந்து வெளியேற இரண்டு வழி இருக்கிறதா, புகை அலாரம் இருக்கிறதா, ஜன்னல் உள்ளிருந்து திறக்குமா என்று பாருங்கள். வருடாவருடம் பெயிண்ட் அடித்து ஒட்டிப்போன ஜன்னல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நிலைக்கண்ணாடி எழுதியது:

பருவக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய கட்டடத்தைப் பாதுகாப்பாக்க முடியாது என்று ஆகிவிடாதே. ஜப்பானில் ஹகோனே மலையில் 1878-இல் தொடங்கிய ஃபுஜியா ஹோட்டல் இருக்கிறது. 2018-இல் மூடி, நிலநடுக்கத்தைத் தாங்கும்படி பலப்படுத்தி, 2020-இல் திறந்தார்கள். சுவிட்சர்லாந்தில் பிரியன்ஸ் ஏரிக்கு மேலே அருவி பக்கத்தில் இருக்கும் கீஸ்பாக் ஹோட்டல் 1979-இல் மூடப்பட்டது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் பேச்சு வந்தபோது ஃபிரான்ஸ் வேபர் என்ற இயற்கை ஆர்வலர் மக்களிடம் பணம் திரட்டி, அறக்கட்டளை வைத்து 1983-இல் அதை வாங்கினார். ஏரிக்கரையிலிருந்து மேலே ஏற 1879-இல் போட்ட கயிற்று ரயில் இப்போதும் ஓடுகிறது. முறையாகச் செலவழித்தால் பழையதும் இன்றைக்கு வாழும். அப்படிச் செலவழிக்கிற இடங்களுக்குத்தான் நம் பணம் போகவேண்டும் என்பது என் கட்சி.

ஓட்டுக்கூரை எழுதியது:

அதே கட்சிதான் நானும். ஆனால் புதிதாகக் கட்டியதெல்லாம் போலி என்றீர்களே, அங்கேதான் மாறுபடுகிறேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஹூட் மலைச் சரிவில் டிம்பர்லைன் லாட்ஜ் இருக்கிறது. 1936-க்கும் 1938-க்கும் இடையில், பெருமந்தக் காலத்தில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அரசு கட்டியது. கட்டும்போதே முந்தைய காலத்துக் குடியேறிகளின் கைவேலைப் பாணியில் வேண்டுமென்று கட்டினார்கள். மாடிப்படித் தூண்களுக்குப் பழைய கம்பங்களை எடுத்துத் தலைப்பில் விலங்குகளைச் செதுக்கினார்கள். கிழிந்த கம்பளிகளை நறுக்கித் தரைவிரிப்பு பின்னினார்கள். அன்றைய அளவில் அதுவும் ரெட்ரோதான். இன்றைக்கு அதைப் போலி என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

நிலைக்கண்ணாடி எழுதியது:

டிம்பர்லைனுக்கு நான் வாயடைத்துப் போகிறேன், சரி. அங்கே ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவர் கையால் அந்த இடத்துக்கென்றே செய்தது, செய்த பொருளை அந்த வேலைக்கே வைத்திருக்கிறார்கள். என் சண்டை வேலை செய்யாத அலங்காரத்தோடுதான். இரண்டாவது ஹோட்டலில் அந்த டயல் தொலைபேசியில் ரிசப்ஷனை அழைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் நான் சொன்னதை அந்த இடத்தைப் பொறுத்தவரை திரும்பப் பெறுகிறேன்.

வெயில்தேடி எழுதியது:

எந்த ஹோட்டல் என்பதைவிட அந்த ஹோட்டலில் எந்த அறை என்பதுதான் எனக்கு முக்கியம். ஒரே கட்டடத்தில் பக்கத்துப் பக்கத்து அறைகளே வேறு வேறு ஊர் மாதிரி இருக்கும்.

காலை வெயில் விழும் கிழக்கு அறையைக் கேளுங்கள். மலைகளில் மதியத்துக்கு மேல் மேகம் கூடிவிடுவது சகஜம். மேற்கு அறைக்கு வெயில் வரும் முன்பே வானம் மூடிவிடும். அதோடு எதிரே உயரமான முகடு இருந்தால் கிழக்கு அறைக்கும் சூரியன் ஒன்பது மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். 'காலையில் எத்தனை மணிக்கு அறைக்குள் வெயில் வரும்?' என்று ஹவுஸ்கீப்பிங் ஆளிடம் கேளுங்கள். புக்கிங் ஆளுக்கு அது தெரியாது.

குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் அடிவாரத்து ஓடையோரம் கட்டிய ஹோட்டல், நடுச்சரிவில் இருப்பதைவிடக் குளிராக இருக்கும். ஓடைச்சத்தம் கேட்கும் அறை என்று விளம்பரத்தில் வந்தால் குளிர்காலத்தில் நான் கொஞ்சம் தயங்குவேன்.

பழைய கட்டடம் என்றால் சமையலறைப் புகைபோக்கி போகும் சுவரை ஒட்டிய அறை எது என்று கேட்பேன். பாத்திரச் சத்தம் கொஞ்சம் இருக்கும், ஆனால் சுவரில் கை வைத்தால் இரவு வெகுநேரம்வரை வெதுவெதுப்பு தெரியும். ஆல்ப்ஸ் வீடுகளில் இலையுதிர்காலம் வந்ததும் ஜன்னலுக்கு வெளியே இன்னொரு ஜன்னலைப் பொருத்துவார்கள், கோடை வந்ததும் கழற்றிப் பரணில் வைத்துவிடுவார்கள். நடுவில் அடைபட்ட காற்றுதான் அங்கே கம்பளி. அப்படி எதுவும் இல்லாத ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் என்றால் கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்திப் போடச் சொல்லுங்கள். காட்சி பிரமாதமாக இருக்கும் என்று ஜன்னலடியில்தான் போட்டு வைத்திருப்பார்கள்.

நாடி எழுதியது:

முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது. இழையில் எல்லாரும் குளிரைப் பற்றிப் பேசிவிட்டார்கள். அம்மாவின் முழங்காலைப் பற்றி நான் சொல்கிறேன்.

1,900 மீட்டரில் உயரத்தால் வரும் தலைவலி, மூச்சுத் தொல்லை பெரும்பாலானவர்களுக்கு வராது. அது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான். அம்மாவுக்கு இதயம், நுரையீரல் சிக்கல் ஏதாவது இருந்தால் மட்டும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

விழுவதுதான் எனக்குக் கவலை. பழைய கட்டில்கள் உயரமானவை. படுக்கையில் உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதியவேண்டும். தொங்கினால் இருட்டில் இறங்கும்போது தடுமாறும். மெருகேற்றிய மரத்தரையில் சின்னத் தரைவிரிப்பு போட்டிருந்தால் போனவுடன் சுருட்டி அலமாரியில் வைத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். பழைய கட்டடங்களில் குளியலறையைப் பின்னாளில் சேர்த்திருப்பார்கள், அதனால் வாசலில் ஒரு படி ஏறியோ இறங்கியோ இருக்கும். அந்த ஒற்றைப் படியில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். சிங்கக்கால் தொட்டியின் விளிம்பு ரொம்ப உயரம், அம்மா அதற்குள் ஏறவே கூடாது. அப்பாவும் பக்கத்தில் பிடிமானம் இல்லாமல் ஏறவேண்டாம்.

படுக்கையிலிருந்து குளியலறைக்கு எத்தனை அடி, வழியில் என்ன இருக்கிறது, விளக்கு ஸ்விட்ச் கட்டிலிலிருந்து எட்டுமா? இதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலைதான் அவர்களுக்கு.

மேகப்பாதை எழுதியது:

நீங்கள் எல்லாரும் சொன்னதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு இரண்டு இடத்துக்கும் பேசினேன்.

பழைய ஹோட்டலில் மேலாளர் நிறைய நேரம் ஒதுக்கிப் பேசினார். படுக்கையறைகள் எல்லாம் மாடியில், படிக்கட்டு செங்குத்து. சூட்டுக்குக் கணப்பு மட்டும்தான். வயரிங் பழையது என்பதால் அறைகளில் மின்ஹீட்டர் போட அனுமதிப்பதில்லை, போட்டால் ஃபியூஸ் போய்விடும் என்றார். தொட்டியைப் பற்றிக் கேட்டபோது, வெந்நீரை வாளியில் கொண்டுவந்து ஊற்றித்தான் நிரப்பவேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னார். கடைசியில் அவரே, 'அம்மாவை வைத்துக்கொண்டு இந்த மாதத்தில் வராதீர்கள், குளிர் விட்டபிறகு வாருங்கள்' என்றார். வருகிற வாடிக்கையாளரை இப்படி அனுப்பிவைக்கிற ஆளைப் பார்த்தால் அங்கே கட்டாயம் ஒருநாள் தங்கவேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

புதிய ஹோட்டலில் முதலில் 'எல்லா வசதியும் இருக்கிறது மேடம்' என்ற ஒரே பதில்தான் வந்தது. ஹவுஸ்கீப்பிங் ஆளோடு பேசவேண்டும் என்று கேட்டேன். அந்த அம்மா அறைக்குள் நடந்துகொண்டே வீடியோ எடுத்து அனுப்பினார். தரைத்தள அறை, குளியலறை வாசலில் படி இல்லை, கைப்பிடி இருக்கிறது. வெந்நீர் ரேடியேட்டர் இரவு முழுக்க ஓடும், ஜெனரேட்டரிலும் ஓடும். காலை எட்டு மணிக்குள் வெயில் கட்டில்வரை வரும் என்றார். நிலைக்கண்ணாடி, உங்களுக்காகக் கேட்டேன்: அந்தத் தொலைபேசியில் டயலைச் சுழற்றி ரிசப்ஷனை அழைக்கலாம். வீடியோவிலேயே சுழற்றிக் காட்டினார்.

ஆகவே தங்குவது புதியதில். இரண்டுக்கும் நடுவில் காரில் அரைமணி நேரம்தான். ஒரு மதியம் அப்பாவைப் பழைய ஹோட்டலுக்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். தங்காதவர்களும் வந்து கணப்பறையில் உட்காரலாம் என்று அந்த மேலாளர் சொன்னார்.

நிலைக்கண்ணாடி எழுதியது:

சொன்னபடி திரும்பப் பெறுகிறேன். நல்ல முடிவு.

அந்த மதியம் அப்பாவோடு பார்க்க நாலைந்து விஷயங்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக வெளியே ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டே தலையை மெதுவாக அசைக்கச் சொல்லுங்கள். மரம் நெளிந்தால் அது பெரும்பாலும் பழைய முறையில் செய்த கண்ணாடி. நெளியாதவை பெரும்பாலும் பின்னால் மாற்றியவை. ஒரே ஜன்னலில் இரண்டும் கலந்திருக்கும், எந்தக் கட்டம் எப்போது உடைந்ததோ. சமையலறை நடையில் அறை எண்கள் போட்ட அழைப்புமணிப் பலகை மிச்சமிருக்கிறதா என்று கேளுங்கள். பீங்கான் அடிப்பாகம் வைத்த உருண்டை ஸ்விட்சுகள் இருந்தால் அப்பா அவற்றைத் தானாகவே கண்டுபிடித்துவிடுவார். மரத்தரையில் பலகைகளின் அகலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அகலமும் நீளமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இருந்தால் பெரும்பாலும் கட்டும்போதே போட்ட தரை. கதவுக் கீல்களில் திருகாணியின் பிளவைப் பாருங்கள், நேர்க்கோடாக இருந்தால் பழையதாக இருக்கலாம், நட்சத்திரப் பள்ளமாக இருந்தால் பின்னால் போட்டது.

மேகப்பாதை எழுதியது:

இதை அப்படியே அச்செடுத்து அப்பாவிடம் கொடுக்கப்போகிறேன். அம்மாவுக்கு அந்த மதியம் கணப்பறையில் நல்ல நாற்காலி கிடைத்தால் போதும்.

பழைய சாவி எழுதியது:

கிடைக்கும். கணப்புக்கு நேர் எதிரே வேண்டாம், பக்கவாட்டில், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும் நாற்காலியாகப் பார்த்து உட்காரவையுங்கள். வரப்போவதை முந்தின நாளே மேலாளரிடம் சொல்லிவிடுங்கள், அப்போதுதான் காலையிலேயே நெருப்பு மூட்டி வைப்பார்கள். புகைபோக்கி சில்லிட்டிருக்கும்போது மூட்டினால் முதல் கொஞ்ச நேரம் புகை அறைக்குள்தான் வரும். அப்புறம் நீங்கள் தங்கப்போகும் ஹோட்டலில் அந்த ஹவுஸ்கீப்பிங் அம்மாவின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, போனவுடன் பார்த்து நன்றி சொல்லுங்கள். மெத்தையை மட்டும் கை வைத்துப் பார்த்துவிடுங்கள், ரேடியேட்டர் இருந்தாலும்.